மதுரைக்கும் கொச்சிக்கும் இடையே ஒரு நாழிகை

தென்னிந்திய வரைபடம் ஒன்றை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். மதுரை, கோயம்புத்தூர், கொச்சி ஆகிய மூன்று விமான நிலையங்களையும் பென்சிலால் புள்ளியிட்டு, நேர்கோடுகளால் இணையுங்கள். கிடைக்கும் முக்கோணத்தில் மதுரை–கொச்சிப் பக்கம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மதுரை–கோவைப் பக்கம் 175, கோவை–கொச்சிப் பக்கம் 120. இனி, பள்ளியில் செய்ததுபோல ஒவ்வொரு பக்கத்துக்கும் மையக்குத்துக்கோடு வரையுங்கள். மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அதுவே சுற்றுவட்ட மையம். மூன்று முனைகளிலிருந்தும் அது சம தூரத்தில் இருக்கும்.

அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பழனி மலைத்தொடரின் மேற்குக் கோடியில், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்னும் சிற்றூர்கள் உள்ள பக்கத்தில் விழுகிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி அல்ல இது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாக மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் வரும் மலைக் கிராமம். பூண்டு, உருளைக்கிழங்கு, காரட் விளையும் ஊர். மூன்று விமான நிலையங்களும் இங்கிருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கின்றன. பறவைக் கணக்கில் பார்த்தால், இவ்வளவு வசதியாக அமைந்த மலைக் கிராமம் வேறொன்று கிடைப்பது அரிது.

ஆனால் பூண்டிக்காரர் எவரும் இந்த வசதியை அனுபவித்ததில்லை. மதுரைக்குப் போக அவருக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் மலைப்பாதையும் சமவெளிப் பாதையும் உண்டு. கோவைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். கொச்சிக்கோ 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரே வட்டத்தின் மீதுள்ள மூன்று புள்ளிகளுக்கு இத்தனை வேறுபட்ட தூரங்கள் எப்படி வந்தன? தூரம் என்ற எண்ணும் பயண நேரம் என்ற எண்ணும் எப்போது ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன? மதுரை–கொச்சி என்னும் ஒரு கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

நாழிகையும் தூரமும்

நம் முன்னோர்க்கு இவை இரண்டும் வேறு வேறாக இருக்கவில்லை. நாழிகை என்பது 24 நிமிடம் கொண்ட காலப்பகுதி என்பதை அறிவீர்கள். ஆனால் 'நாழிகை வழி' என்று தூரத்தையும் சொன்னார்கள். ஒருவர் ஒரு நாழிகையில் நடக்கக்கூடிய தூரம் அது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் எனலாம். மலையாளத்திலும் நாழிகை என்ற சொல் இப்படியே தூரத்துக்கும் வழங்கியது. 'ஒரு நாள் நடை', 'இரண்டு நாள் வழி' என்பனவும் இவ்வகையே.

இந்த அளவைப் பழமை என்று ஒதுக்கிவிட முடியாது. மேட்டில் ஒரு நாழிகை வழி குறுகும், சமவெளியில் நீளும். அதாவது, வழியின் கடினம் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நடப்பவனுக்கு வேண்டிய செய்தி அதுதானே? அதைக்கொண்டு வரைபடம் வரைய முடியாது என்பது மட்டுமே குறை. ஆனால் அது பெரிய குறை.

சங்கிலியும் கோணமும்

தூரத்தை நேரத்திலிருந்து பிரித்தெடுத்த வேலை இந்தியாவில் சென்னைப் பரங்கிமலையின் அடிவாரத்தில் தொடங்கிற்று என்று சொன்னால் மிகையாகாது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற படை அதிகாரி அங்கே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை தரையில் கிடத்தி, 57 நாட்களில், ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து முடித்தார். வெயிலில் சங்கிலி நீள்வதையும் கணக்கில் சேர்த்தார்.

அடிக்கோடு ஒன்று துல்லியமாகத் தெரிந்துவிட்டால், பிறகு சங்கிலி தேவையில்லை, கோணங்கள் போதும். கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், திரிகோணமிதி மற்ற இரு பக்கங்களையும் தந்துவிடும். அந்தப் பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடுகள். இப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தீபகற்பம் முழுவதையும் வலையிட்டு மூடலாம். லாம்ப்டன் சென்னையிலிருந்து மேற்குக் கரை வரை இந்த வலையைக் கொண்டுபோனபோது, அந்த இடத்தில் தீபகற்பத்தின் அகலம் அதுவரை நம்பியதுபோல 400 மைல் அல்ல, 360 மைல்தான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் வரைபடத்திலிருந்து காணாமற்போயிற்று!

கோணங்களை அளந்த பெரிய தியோடலைட் கருவியின் எடை அரை டன். மலை இல்லாத தஞ்சைச் சமவெளியில், 1808-ல் அதைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறுகட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி அதன் பெரிய வட்டம் நெளிந்தது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து, ஆறு வாரம் உழைத்து, தம் கையாலேயே அதைச் சரிசெய்தார். இன்றைய ஆய்வுக்கூடங்களில் ஒரு மீட்டர் பழுதானால் கம்பெனிக்காரர் வரும்வரை துணிபோட்டு மூடிவைக்கும் நமக்கு இது ஒரு பாடம்.

நம் கோட்டின் நடுவில் உள்ள மலைகளை அளந்தவர் பி. எஸ். வார்டு. இவர் கானர் என்பவரோடு சேர்ந்து 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தார். அடுத்த ஆண்டு, 1821-ல், பழனி மலைக்கு வந்தார். வெள்ளகவிக் கிராமத்திலிருந்து ஏறிக் கொடைக்கானல் மேட்டை அளந்த முதல் ஐரோப்பியர் அவரே. மலையின் மேற்குப் புறத்தையும் கிழக்குப் புறத்தையும் ஒரே மனிதர் ஆறாண்டுக்குள் கால்நடையாக அளந்தார். அவர் குறித்த எண்களை அவர் எத்தனை நாள் நடந்து பெற்றார் என்பது வரைபடத்தில் தெரியாது. தூரம் நேரத்திலிருந்து பிரிந்தது இவ்வாறுதான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வடக்கு–தெற்கு நிலையை, அதாவது அட்சரேகையை, நட்சத்திரங்களின் உயரத்தைக்கொண்டு அறியலாம். கிழக்கு–மேற்கு நிலையான தீர்க்கரேகைக்கு நேரம் தெரிந்தாக வேண்டும். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது. மதுரைக்கும் கொச்சிக்கும் விமான நிலையக் கணக்கில் தீர்க்கரேகை வேறுபாடு 1 பாகை 42 கலை. எனவே கொச்சியில் சூரியன் உச்சிக்கு வருவது மதுரையைவிட ஏறத்தாழ 7 நிமிடம் தாமதம். இந்திய நில அளவைக்குத் தீர்க்கரேகைகளின் தொடக்கப் புள்ளியாக இருந்தது சென்னை வானாய்வகம். அதன் வானியல் பணிகள் பின்னர் 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகத்துக்கு மாறின என்பது பழனி மலைக்கு உரிய பெருமை. தூரத்திலிருந்து நேரத்தை விரட்டிய அளவையாளர்கள், அதையே கொல்லைப்புறமாக அழைத்துவந்துதான் வேலையை முடித்தார்கள்.

நீங்களே கணக்கிடலாம்

இனி நம் கோட்டின் நீளத்தைக் காண்போம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

மதுரை விமான நிலையம் வடக்கு 9 பாகை 50 கலையிலும், கிழக்கு 78 பாகை 6 கலையிலும் உள்ளது. கொச்சி நிலையம் வடக்கு 10 பாகை 9 கலை, கிழக்கு 76 பாகை 24 கலை. அட்சரேகை வேறுபாடு 19 கலை. தீர்க்கரேகை வேறுபாடு 102 கலை. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிவதால், இந்த 102-ஐ 10 பாகையின் கொசைனான 0.985-ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 100.5 கிடைக்கும். பிதாகரஸ் தேற்றப்படி 19-இன் வர்க்கத்தையும் 100.5-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 102 கலை.

இந்த 102 கலையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் என்பது பூமியின் பெருவட்டத்தில் ஒரு கலைக்கு ஈடான நீளமே! எனவே மதுரை–கொச்சி 102 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 189 கிலோமீட்டர். ஒரு பாகையின் நீளம் எவ்வளவு என்று அறியத்தான் லாம்ப்டனும் அவர் பின்வந்தோரும் குமரிமுனையிலிருந்து வடக்கே அளந்துகொண்டு போனார்கள். அந்தப் பாகையின் அறுபதில் ஒரு பங்கை இன்றைய விமானி தன் அளவுகோலாகக் கொண்டு பறக்கிறான்.

பூமி உருண்டையாயிற்றே, தட்டைத் தளத்துக்குரிய பிதாகரஸ் தேற்றம் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. பூமியைக் குடைந்து மதுரையிலிருந்து கொச்சிக்கு நேரான சுரங்கம் போட்டால், அது மேற்பரப்பு வழியைவிட எவ்வளவு குறுகும்? ஏழு மீட்டர்! அந்தச் சுரங்கத்தின் நடுப்பகுதி கடல்மட்டத்துக்கு 700 மீட்டர் கீழே இருக்கும் என்றாலும், நீளத்தில் மிச்சம் ஏழு மீட்டர்தான். மாறாக, விமானம் 5 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால், அதன் வட்டத்தின் ஆரம் கூடி, பாதை 150 மீட்டர் நீள்கிறது. இரண்டுமே நம் கணக்கில் பொருட்படுத்தத் தக்கவையல்ல.

மலை என்னும் தடை

கணக்கில் வராத மலை, கால்களுக்கு வந்தது. நம் கோடு மதுரையிலிருந்து புறப்பட்டுப் போடிநாயக்கனூரை ஒட்டிச் சென்று ஏலமலையைக் கடக்கிறது. போடியிலிருந்து மேலே பொதிமாடுகள் ஏறிய காலத்தில் இந்தக் கோட்டின் நடுப்பகுதியே பல நாள் வழி. ரயில் வந்தது, ஆனால் அது மலையைக் கடக்கவில்லை. மதுரைக்கு 1875-ல் ரயில் வந்தபோது, மலைக்குப் போவோர் இறங்க வேண்டிய அம்மையநாயக்கனூர் நிலையத்துக்குக் 'கொடைக்கானல் ரோடு' என்ற பெயர் பின்னர் வழங்கலாயிற்று. பெயரை நம்பி இறங்கியவருக்கு இன்னும் 80 கிலோமீட்டர் பாக்கி! இன்றும் மதுரையிலிருந்து ரயிலில் கொச்சிப் பக்கம் போக வேண்டுமானால், பழனி, பொள்ளாச்சி என்று மலையைச் சுற்றி, பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, 350 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சாலையில் தேனி, போடி, மூணாறு வழி ஏறத்தாழ 270 கிலோமீட்டர்.

மனிதருக்கு முன்பே இங்கே நேர்க்கோட்டில் பயணம் செய்தது தேயிலை. மூணாற்றுத் தோட்டக்காரர்கள் 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைத்தார்கள். 1908-ல் அது சிறிய ரயில் பாதையாயிற்று. மலையின் விளிம்பில் இருந்த கடைசி நிலையம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவட வழியாகத் தேயிலைப் பெட்டிகள் செங்குத்தான சரிவின்மேல் தொங்கிக்கொண்டே கீழே கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு வண்டியேறிப் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. ரயில் போன பிறகும் ஊருக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. கீழே, மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, 1950-களில் மீண்டும் போடப்பட்டன. அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், 2023 ஜூனில்தான் மறுபடியும் போடிக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் போர்க்காலம் நம் கதையில் முக்கியமானது. 1942-ல் ஜப்பானியர் சென்னைக் கரையில் இறங்கக்கூடும் என்ற அச்சம் ஆட்சியாளரைப் பிடித்துக்கொண்டது. அப்படி நேர்ந்தால் மலைவழியே கொச்சித் துறைமுகத்துக்குத் தப்பி ஓட, கொடைக்கானலிலிருந்து பேரிஜம், வந்தரவு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு செல்லும் காட்டுப் பாதை செப்பனிடப்பட்டது. 'எஸ்கேப் ரோடு' என்ற பெயர் அதனால் வந்ததே. அதே 1942-ல்தான் மதுரையில் பிரிட்டிஷ் விமானப்படை ஓடுதளம் அமைத்துப் பயன்படுத்தியது. மேற்கு முனையில், துறைமுகத்தைத் தூர்வாரிய மண்ணால் உருவான வெல்லிங்டன் தீவில், கடற்படையின் விமானத்தளம் இருந்தது. ஆக, மதுரை–கொச்சிக் கோட்டின் இரு முனைகளையும், அதற்கு வடக்கே மலைமீது செல்லும் சாலையையும் ஒரே போர்க்காலம் பயன்படுத்திக்கொண்டது எனலாம். முனைகள் வளர்ந்தன. சாலை 1990-ல் மூடப்பட்டது.

விமானத்தின் கணக்கு

ஜே. ஆர். டி. டாட்டா 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்த கதையைப் பலரும் அறிவர். அந்தத் தபாலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். 1935-ல் பம்பாய்–திருவனந்தபுரம் சேவை தொடங்கிற்று. 1953-ல் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாகி இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மதுரையும் பயணி விமான வரைபடத்தில் இடம்பெற்றது.

அக்காலத்துக் குதிரையான டக்கோட்டா மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பறந்தது. இன்று சிறு தூரங்களுக்குப் பயன்படும் ஏ.டி.ஆர். விமானம் 500 கிலோமீட்டர் வரை பறக்கும். 189 கிலோமீட்டரை 470-ஆல் வகுத்தால் என்ன வருகிறது? 24 நிமிடம். சரியாக ஒரு நாழிகை!

இந்தக் கணக்கை வகுப்பில் போட்டால் மாணவர்கள் மகிழ்ந்து போகிறார்கள். ஆனால் எந்தக் கால அட்டவணையிலும் 24 நிமிடம் என்று அச்சிட முடியாது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றே போட வேண்டியிருக்கும். ஏன்?

இடையில் ஆனைமுடி 2,695 மீட்டர். வந்தரவு 2,550 மீட்டருக்கு மேல். மலைப்பகுதியில் விமானம் சுற்றுவட்டாரச் சிகரங்களைவிடக் குறைந்தது 600 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. காற்றின் கொந்தளிப்பையும் கருதி 5 கிலோமீட்டர் உயரம் என்று கொள்வோம். நொடிக்கு 5 மீட்டர் வீதம் ஏறினால் அந்த உயரத்தை அடைய 1,000 நொடி, அதாவது 17 நிமிடம் ஆகும். ஏறும்போது வேகம் குறைவு. மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் அதற்குள் 83 கிலோமீட்டர் கடந்திருப்போம். இறங்கும்போதோ சரிவு ஏறத்தாழ 3 பாகை. 19 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் இறக்கம். 5 கிலோமீட்டர் இறங்க 95 கிலோமீட்டர் வேண்டும். 83-ஐயும் 95-ஐயும் கூட்டினால் 178. மொத்தத் தூரமே 189! முழு வேகத்தில் மட்டமாகப் பறக்க விமானத்துக்குக் கிடைப்பது 11 கிலோமீட்டர்தான். ஏறி முடித்ததும் இறங்க வேண்டியதே. மலை விமானத்தையும் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். வளைந்து போகச் சொல்லவில்லை, ஏறி இறங்கச் சொல்கிறது.

காற்றும் ஒரு பங்கு கேட்கிறது. மதுரை, கொச்சி இரண்டின் ஓடுதளங்களும் கிழக்கு மேற்காக அமைந்தவை. காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கொச்சிக்குச் செல்பவர் மேற்கு நோக்கிக் கிளம்பி, மேற்கு நோக்கியே இறங்கிவிடலாம். ஆனால் வழியெல்லாம் எதிர்க்காற்று. திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளும். ஆனால் மேற்கே கிளம்பிக் கிழக்கே திரும்ப வேண்டும், மதுரையைத் தாண்டிப் போய் மறுபடியும் மேற்கே திரும்பி இறங்க வேண்டும். போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள், 450 கிலோமீட்டர் வேகத்தில் 50-ஐக் கழித்தும் கூட்டியும் கணக்கிட்டுப் பாருங்கள். போய்வர ஆகும் நேரம் காற்றில்லாத நாளைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாகவே வரும். ஏனெனில் எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் சிக்கியிருக்கிறோம்.

இத்துடன் ஓடுதளம் வரை உருண்டு செல்லும் நேரம், முறைக்காகக் காத்திருக்கும் நேரம். 1970-களிலிருந்து விமானக் கடத்தல்கள் பெருகியதால் வந்த சோதனைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். இவையெல்லாம் தூரத்தைச் சாராத நிலையான பகுதி. சென்னையிலிருந்து தில்லிக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் போகிறவருக்கு இந்தப் பகுதி பெரிதாகத் தெரியாது. மதுரையிலிருந்து கொச்சிக்குப் போகிறவருக்கு இதுவே பயணம். டக்கோட்டாவின் வேகத்தை இரண்டு மடங்காக்கினாலும் இந்தக் கோட்டில் மிச்சமாவது இருபது நிமிடத்துக்கும் குறைவு. காத்திருப்பு அதற்குமேல் விழுங்கிவிட்டது. சிற்றூர்களை விமானத்தால் இணைக்க மைய அரசு 2016-ல் அறிவித்த உடான் திட்டம், தொடக்கத்தில் 200 முதல் 800 கிலோமீட்டர் வரையுள்ள வழிகளையே கருதியது. மலை, தீவு போன்ற இடங்களுக்கு மட்டும் கீழ் எல்லை தளர்த்தப்பட்டது. இருநூறு என்ற அந்த எல்லையில் நியாயம் இருப்பது நம் கணக்கிலிருந்தே விளங்கும்.

கொச்சி நிலையத்தின் இடமாற்றம் இன்னொரு வேடிக்கை. வெல்லிங்டன் தீவின் ஓடுதளம் பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதவில்லை. விமானம் கிளம்ப வேண்டிய வேகம் இரண்டு மடங்கானால் ஓட வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பது இயக்கவியலின் எளிய விதி. தீவை நான்கு மடங்காக்க முடியுமா? எனவே நெடும்பாசேரியில் புதிய நிலையம் கட்டப்பட்டு 1999 மே 25-ல் திறக்கப்பட்டது. முன்பு தீவிலிருந்து மதுரைக்கு 199 கிலோமீட்டர். புதிய இடம் கிழக்கே தள்ளியிருப்பதால், வான்வழித் தூரம் பத்துக் கிலோமீட்டர் குறைந்தது. அதற்கு விமானத்தில் ஒன்றரை நிமிடம் மிச்சம். நகரத்துக்குள் இருக்கும் கொச்சிக்காரரோ, முன்பு வாசலில் இருந்த நிலையத்துக்கு இப்போது 25, 30 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும்.

கோட்டின் நடுவில்

மீண்டும் பூண்டிக்கு வருவோம். விமானம் முனைகளில் இருப்பவர்களுக்கு மலையை ஏறக்குறைய அழித்துவிட்டது. நடுவில் இருப்பவருக்கு மலை அப்படியே இருக்கிறது. மேற்கே கிளாவரையைத் தாண்டினால் கேரளத்தின் வட்டவடை. காலால் நடந்து போய்வரும் தூரம். அங்கேயும் பூண்டுதான் விளைகிறது, தமிழ்தான் பேசுகிறார்கள். வண்டியில் போக வேண்டுமானால் கொடைக்கானலுக்குத் திரும்பி, வத்தலக்குண்டுக்கு இறங்கி, தேனி, போடி வழியாக மறுபடியும் மலையேறி மூணாற்றைத் தொட வேண்டும். கொடைக்கானலிலிருந்து மூணாற்றுக்கு எஸ்கேப் ரோடு நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட வழி. இன்றைய சுற்றுவழி 160 கிலோமீட்டருக்கு மேல்.

மூடிய சாலையைத் திறக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அது செல்லும் சோலைக்காடுகள் மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் ஓடைகளை ஓடவைப்பவை. கேரளப் பகுதியில் பாம்பாடும் சோலை 2003-ல் தேசியப் பூங்காவாயிற்று. தமிழ்நாட்டுப் பகுதி 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தில் சேர்ந்தது. உல்லாசக் கார்களின் வரிசை அங்கே நுழைந்தால், சோலை எத்தனை ஆண்டு தாங்கும்? ஆனால் நோயாளியை ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக இறங்குபவரிடம் இந்த வாதத்தைச் சொல்ல எனக்கு நாவெழாது. அவருக்கு வேண்டியது அரை நாள் தொலைவில் உள்ள மூன்று விமான நிலையங்கள் அல்ல. இருக்கும் சாலை மழையில் சரியாமல் இருப்பதும், இரவில் மருத்துவர் இருக்கும் ஓர் ஊர் அருகில் இருப்பதும்தான்.

பூண்டுக்கும் இதே கணக்குத்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது விலைபோகும் பெரிய சந்தை பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி. பூண்டியிலிருந்து வடுகபட்டி நேர்க்கோட்டில் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர். மூட்டை லாரியில் போகும் வழி ஏறத்தாழ நூறு. பாதையின் நீளத்தை நேர்த்தூரத்தால் வகுத்தால் விகிதம் 3. மதுரையிலிருந்து கொச்சிக்கு மலைக்கு மேலே செல்லும் விமானத்துக்கு அந்த விகிதம், திரும்பல்களையும் சேர்த்து, ஒன்றைவிடச் சற்றே கூடுதல்.